காணாமல் போன மாரியப்பன்கள்

ஓட்டப்பிடாரத்திலிருந்து கோவில்பட்டி செல்லும் காலைப் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு இளம்பெண்கள். கைபேசியை மடியில் வைத்திருந்தவள் ஒரு நூற்பாலையின் கணினிப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

"பழைய மாரியப்பன் ஒருத்தரையும் காணோம்டி. புதுசா சேந்த மாரியப்பன் மட்டுந்தான் வாராரு."

"ஏட்டி, மில்ல விட்டு ஓடிட்டாவளா?"

"ஆளு இருக்காவ, சர்வர்ல தேடினா வரல. பாதிப் பேரு மாரியப்பன், மீதி கருப்பசாமி. அதான் பதிவுல கெடக்க ஊர்ப் பேரை வச்சும் தேட ஒரு கட்டம் சேத்து, ஸ்கீமாவ, அதான் கட்டங்களோட அமைப்ப, ரீலோட் பண்ணினேன். சர்வரை நிறுத்தாமலே அது எடுத்துக்கிட்டுது. சீக்கிரம் தேட, ஊர்வாரியாப் பேரு அடுக்குன பட்டியல் மாதிரி ஒரு இன்டெக்ஸும் போட்டேன். அதுக்குப் பிறவு சேந்தவிய மட்டுந்தான் வாராவ."

"பின்ன? புதுசா வந்தவியளுக்கு மட்டும் பத்திரிகை வச்சா, பழைய சொந்தக்காரவிய வருவாவளா? வீடு வீடாப் போய்க் கூப்பிடணும்லா."

அவள் சிரித்துவிட்டாள்.

"அதேதான்டி. பழையவியள இன்டெக்ஸ்ல ஏத்த தனியா ஒரு டாஸ்க் ஓட்டணும். நேத்துதான் புரிஞ்சுது. ஆபீஸ்ல செல்விகிட்ட இப்போ ஓட்டச் சொல்லியிருக்கேன்."

"அப்பவும் வரலேன்னா?"

"மேனேஜர் இன்னைக்குப் பாக்காவ. சரியா வந்தாத்தான் என் வேலை நிரந்தரம்."

கைபேசி ஒலித்தது. அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

"செல்வி, புதூர் மாரியப்பன் வந்துட்டாவளா? சரி, புதியம்புத்தூர் போட்டுப் பாரு."

கேட்டுக்கொண்டே தோழியின் தோளைத் தட்டினாள்.

"எல்லாரும் வந்துட்டாவட்டி. செல்வியை சேர்லருந்து எழுப்பிவிட்டுட்டு மேனேஜரே உக்காந்து, அவிய ஊர்க்காரவிய யாரெல்லாம் இருக்காவன்னு தேடுதாவளாம்."