நாய் கடித்த கணுக்கால்

சாதிர்: என்ன கிழவி, கிண்ணத்துல அடி மட்டும்தான் நனைஞ்சிருக்கு?

புருல்: குடி. தீர்ந்தா மறுபடி ஊத்துறேன்.

சாதிர்: போன வருஷம் வரைக்கும் பாதிக் கிண்ணம் ஊத்துவ. இப்போ ரெண்டே மடக்கு.

புருல்: அதான் மரியாதை. கொஞ்சம் கொஞ்சமா ஊத்தினா, இன்னும் உக்காரு, இன்னும் பேசுன்னு அர்த்தம். நீ இந்த ஊர்க்காரன்தானே, தெரியாதா?

சாதிர்: கல்யாணமாகி முப்பத்தி நாலு வருஷம் கழிச்சு என் மேல மரியாதை வந்திருக்கு. ஊர்ல சொன்னா நம்பமாட்டாங்க.

புருல்: ஆறிடும், குடி.

சாதிர்: ரெண்டு மடக்குல ஆற என்ன இருக்கு?

புருல்: வலது கையால எடு. வலது கைக்கு வேலை குடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க.

சாதிர்: என்கிட்டயா சொன்னாங்க? என்னை வராந்தால உக்கார வெச்சுட்டு உன்னைத்தானே உள்ள கூப்பிட்டாங்க.

புருல்: எல்லாருக்கும் அப்படித்தான். நோயாளிகிட்டயா சொல்லுவாங்க? வீட்டு ஆளுங்ககிட்டதான் சொல்லுவாங்க.

சாதிர்: நீ வெளிய வந்து, 'நரம்புல அழற்சி, வேற ஒண்ணுமில்ல'ன்ன.

புருல்: அதைத்தான் சொன்னாங்க.

சாதிர்: நானும் அதையேதான் ஊர் பூரா சொல்லிட்டிருக்கேன். பக்கத்து வீட்டு ஒஸ்மோன் நேத்து கேட்டான்... 'உனக்கு மதகுச் சக்கரம் திருப்பக் கை வரமாட்டேங்குதே, இந்த வருஷம் வாய்க்கால் வேலையை நான் பாத்துக்கட்டுமா'ன்னு. நரம்பு வீங்கியிருக்குடா, வீக்கம் வத்துனதும் வந்துடுவேன்னேன்.

புருல்: ஒஸ்மோன் பேச்சை எடுக்காத. அவன் நாய் உன் கணுக்காலைக் கடிச்சு...

சாதிர்: அது இலை உதிர்ற காலத்துல நடந்தது. இப்போ பனியே உருகிப்போச்சு. விடு.

புருல்: மூணு வாரம் ஆட்டுவால் கொழுப்பைக் காய்ச்சித் தடவினவ நான். எப்படி விடறது?

சாதிர்: பாவம் அந்த நாய், போய்னோக். குளிர்காலம் பூரா சங்கிலியில கிடந்துச்சு.

புருல்: கடிச்ச நாயை மடியில வெச்சுக் கொஞ்சச் சொல்றியா?

சாதிர்: கொஞ்ச வேண்டாம்... அது இருக்கட்டும், நேத்து சூப்புல எலும்பே இல்லையே? குளிர்காலம் பூராவே இல்ல.

புருல்: கொதிச்சுக் கரைஞ்சிருக்கும்.

சாதிர்: தொடை எலும்பு கரையுமா?

புருல்: ...கார் சத்தம் கேக்குது. டாக்டர் ஐஜானா இருக்கும். தலாஸ் ஆஸ்பத்திரியில இருந்து வரேன்னு போன் பண்ணாங்க. நீ எழுந்திருக்காத, நான் போய்க் கதவைத் திறக்கிறேன்.

*

புருல்: வா மகளே, வா. உள்ள போறதுக்கு முன்னாடி இப்படிக் கொட்டகைப் பக்கம் வா.

ஐஜான்: என்னக்கா, ஏன் குசுகுசுன்னு பேசுறீங்க?

புருல்: அந்தப் பேரை வீட்டுக்குள்ள சொல்லிடாத.

ஐஜான்: எந்தப் பேரு... இயக்க நரம்பு நோய்னா?

புருல்: மெதுவா பேசும்மா.

ஐஜான்: எனக்கு இது பிடிக்கலக்கா. அன்னிக்குப் பெரிய டாக்டர் உங்களை மட்டும் கூப்பிட்டுச் சொன்னதே தப்பு. உடம்பு அவரோடது.

புருல்: நான் என்ன பொய்யா சொன்னேன்? நரம்புல அழற்சின்னேன். அதுவும் இருக்குன்னு நீதானே சொன்ன?

ஐஜான்: இருக்கு. ஆனா அது பாதிதான்.

புருல்: பாதி போதும். அவரு சந்தோஷமா இருக்காரு. காலைல எழுந்து பாட்டெல்லாம் பாடுறாரு... கேக்க முடியாது, ஆனா பாடுறாரு. அதைக் கலைக்காத.

ஐஜான்: அக்கா, இன்னிக்கு நான் வந்ததே ஒரு விஷயமாத்தான். அதை நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்துதான் கேக்கணும்.

புருல்: முதல்ல டீ குடி. விஷயம் எங்கயும் ஓடிப்போகாது.

*

சாதிர்: வாங்க டாக்டர், மேல வந்து உக்காருங்க. கிழவி, டாக்டருக்கு போர்சோக் இல்லையா?

புருல்: மாவு பிசைஞ்சு வெச்சிருக்கேன். வெட்டிப் பொரிக்க வேண்டியதுதான்.

சாதிர்: போய்ப் பொரி. நிறையப் பொரி. அவசரமே இல்ல.

புருல்: நிறையப் பொரிக்கணுமா... சரி சரி. நீங்க பேசிட்டிருங்க.

சாதிர்: ...போயிட்டாளா?

ஐஜான்: எண்ணெய்ச் சட்டி சத்தம் கேக்குது.

சாதிர்: அப்போ சட்டுனு சொல்லுங்க. என் கால்ல வெட்டி எடுத்தீங்களே, அந்த நரம்புல என்ன இருந்துச்சு?

ஐஜான்: அண்ணே, என்னால முடியல. வாசல்ல அவங்க சொல்லாதங்கிறாங்க, உள்ள வந்தா நீங்க...

சாதிர்: என்ன சொல்லாதங்கிறா? நோயோட பேரைத்தானே?

ஐஜான்: ...நான் எதுவும் சொல்லல.

சாதிர்: சொல்ல வேண்டாம். அந்தப் பேரை நானே உங்ககிட்ட வந்து கேட்டு வாங்கிட்டுப் போனவன். எனக்குத் தெரியாதுங்கிறதுல அவளுக்கு ஒரு நிம்மதி. அதை நான் ஏன் கெடுக்கணும்?

ஐஜான்: அவங்களும் இதையேதான்... சரி, விடுங்க. வெட்டின இடம் எப்படி இருக்கு?

சாதிர்: பாதத்து ஓரம் மரத்த மாதிரி இருக்கு. ஒண்ணு கேக்கணும்னு நினைச்சேன். கை விளங்காதவனுக்குக் கால்ல ஏன் வெட்டினீங்க?

ஐஜான்: கையில வெட்டினா இருக்கிற பிடியும் போயிடும். கணுக்கால் நரம்பு தொடுறதை உணர்றதுக்கு மட்டும்தான், அது போனா ஓரத்துல கொஞ்சம் மரத்துப்போகும். அவ்வளவுதான். ஆனா அழற்சி இருந்தா அதுலயும் தெரியும்.

சாதிர்: தெரிஞ்சுதா?

ஐஜான்: நல்லாவே தெரிஞ்சுது. உடம்பைக் காக்கிற அணுக்கள் அந்த நரம்பு நெடுக வந்து உக்காந்திருக்கு. இந்த நோய்ல மூளையிலயும் தண்டுவடத்துலயும் இருக்கிற நரம்பணுக்கள் சாகுதுன்னு இத்தனை வருஷமா எல்லாரும் அங்கயேதான் பாத்துட்டிருந்தாங்க. வெளிய ஓடுற நரம்பை யாரும் அவ்வளவா கண்டுக்கல.

சாதிர்: அதாவது ஊத்து வத்துதுன்னு மலையையே பாத்துட்டிருந்தாங்க. வாய்க்காலை யாரும் நடந்து பாக்கல.

ஐஜான்: ...ஆமா, அப்படியும் சொல்லலாம்.

சாதிர்: என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. தண்ணி குறைஞ்சா முதல்ல காயறது கடைமடை. எனக்கும் விரல் நுனியிலதானே ஆரம்பிச்சுது? சரி, அந்தக் காவல் அணுவெல்லாம் கரையை அடைக்க வந்துச்சா, உடைக்க வந்துச்சா?

ஐஜான்: அதைத்தான் நாங்களும் தேடிட்டிருக்கோம். முதல்ல சுத்தம் பண்ணத்தான் வருதுன்னு நினைக்கிறோம். செத்த நரம்பை அப்புறப்படுத்தும், புதுசா முளைக்க உதவும். ஆனா வந்த வேலை முடிஞ்சும் போகமாட்டேங்குது. அங்கயே தங்கி, நல்லா இருக்கிற நரம்பையும் கெடுக்குது. நரம்பு தசையைத் தொடுற இடத்தைப் பிரிச்சுவிட்டுடுது.

சாதிர்: ஓ, விருந்தாளி மாதிரி. வர்றப்போ ஆட்டை உரிக்க ஒத்தாசை பண்ணுவான், அப்புறம் ஒரு மாசம் தங்குவான். அவனுக்கு விளிம்பு வரைக்கும் டீ ஊத்திக் குடுத்துடணும். குடிச்சுட்டு எழுந்து போயிடுவான்.

ஐஜான்: அந்த நிறைஞ்ச கிண்ணம் மாதிரிதான் ஒரு மருந்து வந்திருக்கு. அந்த அணுக்களை அடக்குற மருந்து. தலைநகர் பிஷ்கெக்ல சோதிச்சுப் பாக்கப்போறாங்க. நரம்புல அழற்சி நிறைய இருக்கிறவங்களாத் தேடுறாங்க. உங்க பேரை எழுதலாம்.

சாதிர்: கை திரும்பி வருமா?

ஐஜான்: அப்படிச் சொல்லமாட்டேன் அண்ணே. வேகம் குறையலாம். குறையாமலும் போகலாம். பாதிப் பேருக்கு மருந்து இல்லாத வெறும் மாத்திரைதான் குடுப்பாங்க, யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது.

சாதிர்: எனக்குப் பலன் இல்லாம போனாலும் பின்னாடி வர்றவனுக்கு ஆகும். வாய்க்கால் வெட்டுறவன் எல்லாம் தன் வயலுக்கேவா வெட்டுறான்? எழுதுங்க.

ஐஜான்: ஆறு மாசம், மாசத்துக்கு ரெண்டு வாரம் அங்க தங்கணும்.

சாதிர்: மதகு திறக்கிற சமயம்... சரி, அதை எப்படியாவது பாத்துக்கலாம்.

ஐஜான்: கூட ஒருத்தர் இருக்கணும். அவங்களும் நோயோட பேரைப் படிச்சு, எல்லாம் தெரிஞ்சு, உங்க பக்கத்துல உக்காந்து கையெழுத்துப் போடணும். வெள்ளிக்கிழமையோட பட்டியல் முடியுது.

சாதிர்: ...அப்போ வேண்டாம்.

ஐஜான்: அக்காகிட்ட சொல்லணுமேன்னுதானே?

சாதிர்: உங்களுக்குப் புரியாது டாக்டர். நோய் வந்தப்புறம்தான் எங்க வீட்டுல சண்டையே இல்ல. அவ என்னை ஏமாத்துறதா நினைச்சுக்கிட்டு அவ்வளவு பிரியமா இருக்கா. கிண்ணத்துல டீயைக் குறைச்சு ஊத்துறா, என் கை நடுங்குறது எனக்கே தெரியக் கூடாதாம். மரியாதைங்கிறா. நான் கிண்டல் பண்றேன், அவ முறைக்கிறா... ரொம்ப நல்லா இருக்கு. அந்தப் பேரை நடுவுல வெச்சுட்டா, அப்புறம் ரெண்டு பேரும் அதையேதான் பாத்துட்டிருப்போம்.

ஐஜான்: கால் கட்டோட போனீங்களே, அன்னிக்கு அவங்ககிட்ட என்னதான் சொன்னீங்க?

சாதிர்: பக்கத்து வீட்டு நாய் கடிச்சிடுச்சுன்னேன். நேரா ஒஸ்மோன் வீட்டு வாசலுக்குப் போயிட்டா. அவ போட்ட சத்தத்துல அவனே பயந்துபோய் நாயைக் கட்டிட்டான். அந்த நாய் இப்போ என்னைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்குது டாக்டர். என்னால அதைத்தான் தாங்க முடியல.

ஐஜான்: சிரிக்க வைக்காதீங்க அண்ணே... வர்றாங்க.

*

புருல்: சூடா இருக்கு, எடுத்துக்கோ மகளே. கைமாக் பாலாடையைத் தொட்டுக்கோ. கிழவா, கிண்ணத்தை நீட்டு.

சாதிர்: இந்தா... போதும்... ஏ, போதும்னேன்... என்ன கிழவி, விளிம்பு வரைக்கும் ஊத்திட்ட?

புருல்: ஆமா.

சாதிர்: டாக்டர் முன்னாடியே என்னை எழுந்து போகச் சொல்றியா?

புருல்: சொல்றேன். ரெண்டு கையாலயும் பிடி. அடியில நான் தாங்கிக்கிறேன். ம்... குடி.

சாதிர்: ...எங்க போகச் சொல்ற?

புருல்: பிஷ்கெக்குக்கு. வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி. மதகுச் சாவியை ஒஸ்மோன்கிட்ட குடுத்துடு. என் தங்கச்சி வீட்டுல தங்கிக்கலாம், போன் பண்ணியாச்சு.

ஐஜான்: அக்கா, நாங்க பேசினது...

புருல்: நடுவுல ஒரு திரைதானே இருக்கு. உங்க அண்ணன் ரகசியம் பேசினா மலைக்கு அந்தப் பக்கம் மேய்ற குதிரைக்குக் கேக்கும்.

சாதிர்: அப்போ இப்போதான் உனக்குத் தெரியுமா... எனக்குத் தெரியும்னு?

புருல்: பிஷ்கெக் விஷயம்தான் இப்போ தெரிஞ்சுது. கீழ சிந்தாம குடி.

சாதிர்: பயப்படுவன்னு நினைச்சேன்.

புருல்: பயமாத்தான் இருக்கு. தினமும் பயமா இருக்கு. நீ பாடுறப்போ மட்டும் கொஞ்சம் மறந்துபோகும். உன் சந்தோஷத்தை நான் ஏன் கெடுக்கணும்னு சும்மா இருந்தேன்.

சாதிர்: நானும் அதுக்குத்தான் பாடினேன்.

புருல்: தெரியும். இல்லன்னா அந்தக் குரலை யார் தாங்குவா? மகளே, காகிதத்தை எடு. எங்க கையெழுத்துப் போடணும்?

ஐஜான்: முதல் பக்கத்துல அந்தப் பேர் இருக்குக்கா.

புருல்: இருக்கட்டும். சத்தமாவே படி. ரெண்டு பேரும் கேக்குறோம்.

சாதிர்: இரு இரு... பிஷ்கெக் இப்போதான் தெரியும்னா, மத்ததெல்லாம் எப்போ இருந்து தெரியும்?

புருல்: நான் மெத்தை தைக்கிறவ, கிழவா. ஒஸ்மோன் வாசல்ல கத்திட்டு வந்த மறுநாள் உன் கட்டைப் பிரிச்சேன்... அஞ்சு தையல், அளவெடுத்த மாதிரி ஒரே நேரா இருந்துச்சு, பல்லு பட்ட அடையாளம் ஒண்ணுகூட இல்ல. ஒளிஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போனவன் நோயோட பேரைக் கேக்காமலா வந்திருப்பான்? அன்னில இருந்து நம்ம சூப்பு எலும்பு எல்லாத்தையும் நான் போய்னோக்குக்குத்தான் கொண்டுபோய்ப் போடுறேன்... சாவி குடுக்கப் போறப்போ நீயே அதை அவிழ்த்துவிட்டு, மன்னிப்பும் கேட்டுட்டு வா.