கேட்டவனுக்கெல்லாம் லீவு

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகும் ஷேர் ஆட்டோ. ஏழு பேர் உட்காரும் இடத்தில் பதினொரு பேரை அடைத்திருந்தான் டிரைவர். என் முழங்காலை இடித்துக்கொண்டு எதிரே இரண்டு பேர். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியவன்தான் ஆரம்பித்தான்.

"லீவு குடுத்தது ஏஜென்ட்டு. திட்டு வாங்கினது நானு."

"இன்னா ஏஜென்ட்டு? ட்ராவல்ஸா?"

"கம்ப்யூட்டர்ல மச்சான், ஏஐ. கோடிங்கே வேணாம், ஸ்க்ரீன்ல கட்டத்த இழுத்து இழுத்து வச்சா போதும்னாங்கோ. நானே செஞ்சேன். எவன் லீவு கேட்டாலும் பேலன்ஸ் கீதான்னு பாத்து குடுத்துடும்."

"நல்லதுதானே."

"வெள்ளிக்கிழம எங்க ஊர்ல கூழ் ஊத்துனாங்க. அசெம்ப்ளி லைன்ல பத்தொன்பது பேரும் எங்க ஊரு. அத்தினி பேருக்கும் குடுத்துடுச்சு. லைன் நின்னுபோச்சு."

"ஒரு நாளைக்கு மூணு பேருதான்னு இன்னொரு கட்டம் வைக்கிறது."

"வச்சேன். நேத்து தங்கச்சி கல்யாணம்னு கேட்டவன நாலாவது ஆளுன்னு தள்ளிடுச்சு."

"அப்ப ஆள் வச்சு புதுசா ப்ரோக்ராம் எழுதி வாங்கு."

"ஆறு மாசம் ஆவுமாம். அப்புறம் ஒண்ண மாத்தணும்னாலும் அவனத்தான் கூப்டணுமாம். ரெண்டுல எதுன்னு இன்னிக்கு பத்து மணி மீட்டிங்ல நான் சொல்லணும். தப்பா போனா என் வேலதான் போவும்."

"எது நல்லதாம்?"

"கட்டம் விக்கிறவன் கட்டம்ன்றான். எழுதுறவன் எழுதணும்ன்றான். ரெண்டு பேரும் எங்க லைன் பக்கம் வந்ததே இல்ல."

கூட்டாளி போனில் மணி பார்த்தான்.

"ஒம்போதே முக்கால் ஆவுது. கம்பெனிய வுட்டு இந்தப் பக்கம் எங்கடா போற?"

"லீவு கேட்டேன். உடனே குடுத்துடுச்சு."