நான்காவது பெயர்

மாலை ஆறே கால். கொனொங்கோவிலிருந்து அகோகோ போகிற சாலை. வடக்கே பாலைவனத்திலிருந்து ஹர்மட்டான் காற்று அடிக்கிற மாதம்... பத்தடிக்கு அப்பால் புழுதி மூட்டம், வேறு ஒன்றும் தெரியாது. அந்தச் சாலையில் ஒரு பழைய வேன் தனியாகப் போகிறது. ஓட்டுகிறவர் ஹாரனில் கை படாமல் ஓட்டுகிறார். வளைவு வருகிறது, அடிக்கவில்லை. எதிரே மரம் ஏற்றிய லாரி வருகிற சத்தம் கேட்கிறது... அப்போதும் அடிக்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். நெருங்கி உட்காருங்கள். இன்றைக்கு லைட் வராது, ஜெனரேட்டரில் டீசலும் இல்லை. எக்கோ, மெழுகுவர்த்தியைக் காற்றுக்கு மறைத்துப் பிடி. நாளெல்லாம் கேமரா பிடிக்கிற கை, ஒரு மெழுகுவர்த்தியை நேராகப் பிடிக்கத் தெரியவில்லை.

"கதையே இன்னும் ஆரம்பிக்கல மன்சாக்கா, அதுக்குள்ள என்னை வாருறீங்க."

சரி, கேள். இது என் சிநேகிதி ஃபோசுவாவின் பெரியப்பாவுக்கு நடந்தது. பெடியாக்கோ என்று பெயர். அந்தக் காலத்தில் ஊர் ஊராக வேனில் போய் நாடகம் போட்ட நான்கு பேரில் ஒருவர். பிறகு வீடியோப் படம் வந்தது, அதே நால்வரும் அதிலும் நடித்தார்கள். அசாரேதான் கிழவன் வேஷம். ஃப்ரேமா சண்டைக்காரப் பெண்டாட்டி. என்சியா வில்லன். பெடியாக்கோ வேன் ஓட்டுவார், நேரம் இருந்தால் போலீஸ்காரனாகவோ பிணமாகவோ வந்துவிட்டுப் போவார். போஸ்டரில் மற்ற மூவரின் முகம் பெரிதாக இருக்கும். இவர் முகம் எந்தப் போஸ்டரிலும் வந்ததில்லை. அந்த ஆதங்கம் அவருக்குக் கடைசி வரை இருந்தது.

ஆனால் குரல் அவருடையதுதான். திரை விலகுவதற்கு முன் அவர்தான் மைக்கைப் பிடித்துப் பெயர்களைக் கூவுவார். "அசாரே" என்பார், திரைக்குப் பின்னால் இரண்டு இருமல் கேட்கும். "ஃப்ரேமா" என்பார், தொண்டையிலிருந்து ஒரு சிரிப்பு. "என்சியா" என்பார், பலகை அதிர ஒரு மிதி. கடைசியில் தன் பெயரைத் தானே கூவிவிட்டு, மேடையோரம் நிற்கிற வேனுக்குள் கையை விட்டு ஹாரனை அடிப்பார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். இருபது வருஷம் இதே வரிசை.

பிறகு ஒரு நாள்... மூன்று பேரும் செத்தார்கள். ஒரே நாளில். அசாரே விடியற்காலையில் குமாசியில் படுக்கையிலேயே போனார். ஃப்ரேமா மத்தியானம், சந்தையில், சோளமாவில் அவித்த கென்கே உருண்டையைப் பிட்டு மீன் குழம்பில் தோய்த்த கையோடு சாய்ந்தாள். இரண்டு சாவையும் ரேடியோவில் கேட்ட என்சியா சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. விபத்து கிடையாது, விஷம் கிடையாது. ரேடியோக்காரன் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறான் என்று ஜனங்கள் நினைத்தார்கள். அன்றைக்கு பெடியாக்கோ வேனுக்கு அடியில் படுத்து எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் அதே நாளில் கொனொங்கோ லாரி ஸ்டாண்டில் ஜனங்கள் கூடுவார்கள். அந்த நால்வரும் முதல் நாடகம் போட்ட இடம் அது. ஜின் பாட்டிலைத் திறந்து, இறந்தவர் பெயரைச் சொல்லி, "வா, வந்து குடி" என்று மண்ணில் ஊற்றுவது. ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் "ஆம்" என்று சொல்லும். ஊற்றுகிறவர் பெடியாக்கோ. உயிரோடு இருக்கிறவன் பெயர் அந்த இடத்தில் வாயில் வரவே கூடாது. இது நம்மில் யாருக்குத் தெரியாது?

அந்த வருஷம் அவர் ஏக சந்தோஷத்தில் இருந்தார். மகன் ஒப்பொங்குக்கு அகோகோவில் பிள்ளை பிறந்திருந்தது, ஆண் பிள்ளை. எட்டாம் நாள் பெயர் வைப்பது, மறுநாள் விடியலில். "என் பேரைத்தான் வைக்கிறாங்க, தெரியுமா? போஸ்டர்ல வரலன்னா என்ன, பேரன் மூஞ்சில வரப்போறேன்" என்று ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்லி, கோலாக் கொட்டை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு பாட்டிலைச் சாய்த்தார். "அசாரே, வா, குடி." ஆம். "ஃப்ரேமா, வா, குடி." ஆம். "என்சியா, வா, குடி." ஆம்.

நாக்கு நிற்கவில்லை. இருபது வருஷப் பழக்கம்.

"பெடியாக்கோ... வா, குடி."

கை சாய்ந்தது. ஜின் மண்ணில் விழுந்தது. கூட்டமும் அதே பழக்கத்தில் "ஆம்" என்றது. பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. ஈர மண்ணை பெடியாக்கோ கையால் வாரினார். வாரி என்ன செய்வது... மண் குடித்துவிட்டது.

ஒச்செரே என்று ஒரு பெரியவர், அந்த ஸ்டாண்டில் டயர் பஞ்சர் ஒட்டுகிறவர், அருகில் வந்தார்.

"என்னப்பா பண்ணிட்டே. அந்தப் பேரை அவங்ககிட்ட குடுத்துட்டியே."

"வாய் தவறிடுச்சுண்ணே."

"தவறினாலும் ஊத்தினது ஊத்தினதுதான். கேளு. வர்ற வருஷம் வரைக்கும் உன்னை யாரு பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் குடுக்காதே. நாளைக்கு அந்தப் பச்சைப் புள்ளைக்கு அந்தப் பேரை வைக்கவே வைக்காதே. வேற எதை வேணா வையி."

தலையை ஆட்டிவிட்டுத்தான் வேனை எடுத்தார்.

காடு தொடங்குகிற இடத்தில் முதலில் வாசனை வந்தது. முழங்கால் தைலம்... ஃப்ரேமா தேய்ப்பது. அதற்கு மேல் சுட்ட வாழைக்காயும் வறுத்த கடலையும். என்சியா வழிநெடுகத் தின்றுகொண்டே வருவார். ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. பின்னால்... இரண்டு இருமல்.

கண்ணாடியில் பார்த்தார். யாரும் இல்லை. பின்சீட்டின் பிளாஸ்டிக் உறை மட்டும் மூன்று இடத்தில் அமுங்கியிருந்தது.

தொண்டையிலிருந்து ஒரு சிரிப்பு. தரைத் தகடு அதிர ஒரு மிதி. பிறகு நிசப்தம். அவர்கள் முறை முடிந்தது, இனி இவர் முறை.

"பெடியாக்கோ..."

அசாரேயின் குரல். அதட்டல் இல்லை, ஆசையாகத்தான் கூப்பிட்டது. பெடியாக்கோவின் கை தானாக ஹாரனுக்குப் போனது. இழுத்துக்கொண்டார். அவருடைய பதில் என்றைக்கும் ஹாரன்தானே... அதை அடித்தால் 'வந்தேன்' என்று அர்த்தம்.

அப்போதுதான் அந்த லாரி. புழுதிக்குள் சத்தம் மட்டும். நடுரோட்டில் வருகிறது. ஹாரன் அடித்தால் ஒதுங்குவான். அடிக்காவிட்டால்... பெடியாக்கோ உதட்டைக் கடித்துக்கொண்டு வண்டியை அப்படியே புல்லுக்குள் இறக்கினார். மரக்கட்டைகள் கண்ணாடியை உரசிக்கொண்டு போயின. வாயில் ரத்தம் கரித்தது.

பின்னாலிருந்து ஃப்ரேமா சொன்னாள், "அவசரமில்ல. நாங்க இருக்கோம்."

"போதும் மன்சாக்கா" என்கிறான் எக்கோ. போதாதுடா. இதுவரை நடந்ததில் எனக்குப் பயமே இல்லை. இனிமேல்தான்.

விடியலில், அகோகோவில் மகன் வீட்டு முற்றத்தில் எல்லோரும் வெள்ளை உடுத்தி நின்றார்கள். மருமகள் அஃப்ராகோமா பிள்ளையைக் கொண்டுவந்து ஒப்பொங் மடியில் வைத்தாள். ஒரு குவளையில் தண்ணீர், ஒன்றில் ஜின்.

"அப்பா, பேரைச் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் பெடியாக்கோ வாயைத் திறந்தார். வாசலில் வேன் நின்றிருந்தது. அதற்குள்ளிருந்து... ஒரு மிதி. அவர்கள் இன்னும் இறங்கவில்லை.

ரொம்ப நாள் கழித்து, குடித்த ஒரு ராத்திரி, இதை ஃபோசுவாவிடம் மட்டும் சொன்னார். "அவங்களுக்கு வேண்டியது ஒரு பெடியாக்கோதானேன்னு தோணிச்சும்மா. ஒண்ணு கிடைச்சா போயிடுவாங்கன்னு."

அன்றைக்கு அந்த முற்றத்தில் மகனைப் பார்த்தார். "சொல்லு" என்றார்.

அந்த மனுஷன் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆறவில்லை.

"பெடியாக்கோ. தண்ணின்னா தண்ணின்னு சொல்லணும். ஜின்னுன்னா ஜின்னுன்னு சொல்லணும்" என்று, உண்மை பேசி வளர்வதற்காக, ஒப்பொங் பிள்ளையின் நாக்கில் ஒவ்வொரு சொட்டாக வைத்தான். பிள்ளை முகத்தைச் சுளித்தது. எல்லோரும் சிரித்தார்கள். தாத்தா சத்தமாகச் சிரித்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் பிள்ளைக்குப் பால் கொடுத்துப் படுக்க வைத்தாள் அஃப்ராகோமா. விளக்கு ஏற்றிவிட்டு வந்து தொட்டாள்... சில்லென்று இருந்தது. சுற்றியிருந்த துணியில் தைலமும் வறுத்த கடலையும் மணந்தன. அவ்வளவு சின்னப் பிள்ளைக்கு நம் பக்கம் ஒப்பாரி கிடையாது, தெரியும்தானே. அவள் அந்தத் துணியை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

அடுத்த வருஷம் அதே நாள், அதே ஸ்டாண்ட். ஃபோசுவாவும் போயிருந்தாள். பெடியாக்கோ பாட்டிலைச் சாய்த்தார். அசாரே. ஆம். ஃப்ரேமா. ஆம். என்சியா. ஆம்.

நின்றார். ஒச்செரே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் தடுக்கவில்லை. தடுக்க இனி என்ன இருக்கிறது, அந்தப் பெயர் இப்போது சொல்ல வேண்டிய பெயர்தான்.

"பெடியாக்கோ... வா, குடி."

ஆம்.

கூட்டத்துக்குப் பின்னால் அந்த வேன் பூட்டி நின்றது. சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. ஈர மண்ணின் வாசனை எழும்பியது... அப்போது ஹாரன் கேட்டது. முழுசாக அடிக்கவில்லை. அழுத்தத் தெம்பில்லாத சின்னக் கை அழுத்தினால் எப்படி வருமோ, அப்படி. ஒரே ஒரு தடவை.