புத்தகத்தில் கால் பட்ட கதை

“ஹலோ... இன்னாசியோ? நான் அரியரத்தினம்... வேலையிலதான், லைபிறறியில... இல்லை, சுகமில்லாமல் இல்லை. ஒருக்கா வாயை மூடிக்கொண்டு கேள் மச்சான்.”

அரியரத்தினம் கதிரை நுனியில் இருந்தார். நிலம் துடைக்கிற வாளி கதவடியில் நின்றது. மேசைக்கு அங்காலே லைபிறறியை நடத்துகிற டிரெக்டர் மனுசி, பக்கத்தில் டொக்டர். ஊசி போடுகிற டொக்டர் இல்லை, பழைய புத்தகங்களைப் படித்துப் பட்டம் வாங்கிய டொக்டர். போனின் மறுமுனையில், ஜெர்மனியிலேயே இன்னொரு நகரமான டோர்ட்மண்டில், சிநேகிதன் இன்னாசித்தம்பி.

“என்ர சாவியை வாங்கி வைச்சிட்டினம்... ஓம், வேலை போகப்போகுது. நான் புத்தகத்தில தாள் கிழிக்கப் பாத்தனாம்... சிரியாதை... இந்த நகரத்தின்ர பழைய கதை, அச்சு வந்த காலத்திலேயே அடிச்சது. ஐஞ்சூறு வருசம்... ஓம், படமெல்லாம் இருக்கு. மதில், கோபுரம், ராசாமார். ஒரே முகத்தை நாலு ராசாவுக்குப் போட்டிட்டு, பேரை மட்டும் மாத்தியிருக்கிறாங்கள்... ஓமோம், எங்கட ஆக்கள் பாஸ்போட்டுக்குச் செய்ததுதான். இவைக்கு முன்னால அதைக் கதையாதை.”

“விசயத்தைக் கேள். துடைக்கேக்க என்ர கால் புத்தகத்தில பட்டிட்டுது... பின்ன என்ன செய்யிறது? குனிஞ்சு தொட்டுக் கண்ணில ஒத்தினன்... ரெண்டு கண்ணிலயும்தான். சரஸ்வதியெல்லே... கமராவுக்கு மேசை மறைக்குதாம். நான் குனியிறதும், எழும்பேக்க கை முகத்துக்குப் போறதும் மட்டும்தான் தெரியுது... எண்ணிப் பாத்தவை, ஒரு தாளும் குறையேல்லை. எண்டாலும் டொக்டர் விடுறாரில்லை.”

“தொட்டுக் கும்பிடுறதை இவையின்ர டொச்சுப் பாசையில எப்பிடியடா சொல்லுறது? நீ கோட்டில வழக்குக்கு மொழிபெயர்த்த ஆள்... சரி, ஒருக்காத்தான் போனனி, போனனிதானே... உங்கட வேதக் கோயிலில சுவாமியார் பூசையில பைபிளைக் கொஞ்சுறவரெல்லே, அது மாதிரி எண்டு சொல்லு... அது வேற இது வேறயோ? இன்னாசி, வேலை போகுது எண்டுறன், நீ வேதம் படிப்பிக்கிறாய்... ஓம்... ஓம், ஓம், சனிக்கிழமை கணவாய்க்கறி. உறைப்பாத்தான். இந்தா குடுக்கிறன், மரியாதையாக் கதை.”

டிரெக்டர் மனுசி போனை வாங்கி ‘யா’ என்றா. பிறகு நீட்டி இன்னொரு ‘யா’. அரியரத்தினத்தின் சப்பாத்தைப் பார்த்தா. அப்படியே கீழே, நிலத்தைப் பார்த்தா. டொக்டர் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டார். போன் திரும்பி வந்தது.

“ஹலோ... நம்பிறாவோ?... அப்பாடா. வேற என்ன கேக்கிறா?... ஓ. கால் படுற இடத்தில ஆர் புத்தகத்தை வைச்சதெண்டோ?”

தமிழ் விளங்காதவர்களுக்கு முன்னாலும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

“டொக்டர்தான்... ஓமடா, இவரேதான். கையில கொண்டு வரேக்க போன் அடிச்சுது. நிலத்தில வைச்சிட்டு, யன்னலடியில நிண்டு குழைஞ்சு குழைஞ்சு கதைச்சார்... ஆரோடயோ, எனக்கென்ன தெரியும்... சொல்லலாம்தான். நீ இப்ப ஆளின்ர மூஞ்சையைப் பாக்கோணும்... பாவமோ? என்னைக் கள்ளனெண்ட ஆள் பாவமோ?... பொறு. சாவியை என்ர பக்கம் தள்ளிவிடுறா... எடுத்திட்டன், எடுத்திட்டன்.”

“சரி, இப்பிடிச் சொல்லு. ஆர் வைச்சதெண்ட கேள்வி எனக்கு விளங்கேல்லையாம்... ஓம், இவ்வளவு வருசம் இஞ்ச இருந்தும் டொச் ஒரு சொல்லும் பிடிபடேல்லையாம்... மன்னிக்கேல்லையடா. பிறகு உதவும், கையில வைச்சிருக்கிறன். இந்தா, அவவிட்டைக் குடுக்கிறன்.”

போன் மேசையைக் கடந்து போனது. டிரெக்டர் மனுசி காதில் வைத்துக் கேட்டா, கேட்டதை டொக்டருக்கும் சொல்லி அவரை நெடுநேரம் பார்த்தா, சிரிப்பை அடக்கிக்கொண்டு போனைத் திருப்பித் தந்தா.

“ஹலோ... ஓம், முடிஞ்சுது... பொறு, பொறு. டொக்டர் எழும்பிப் போறார்... கோப்பி வாக்கிறார்... எனக்கடா. தன்ர கையால கொண்டு வாறார். எத்தினை சீனி எண்டு கேக்கிறார்... நீ மொழிபெயர்க்கத் தேவையில்லை, அந்தளவு டொச் எனக்குத் தெரியும். வை.”