கோமதியின் ஆறு முட்டைகள்

பாம்பு வளர்க்கிற வீட்டில் எலித் தொல்லை இருக்காது என்று எல்லோரும் நினைக்கிறார்கள், சார். எங்கள் வீட்டில் தாராளமாக உண்டு. எங்கள் பாம்புகளுக்கு ஓடுகிற எலியைக் கண்டால் பயம். ஃப்ரீசரில் வைத்த எலியைக் குளிர் விட்டபின் இடுக்கியில் பிடித்து, மூக்குக்கு முன்னால் ஆட்டினால்தான் வாய் திறக்கும். அப்படிச் செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்தது என் மனைவி சிவசங்கரி.

நாட்டுப் பாம்பு இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சின்ன மலைப்பாம்பு ஜாதி. விஷம் கிடையாது, மிரண்டால் பந்து போலச் சுருண்டுகொள்ளும். மூன்றையும் வனத்துறையில் முறையாகப் பதிந்திருக்கிறேன். சட்டத்துக்குப் புறம்பாக நான் எதுவும் செய்கிறவன் இல்லை. கோமதி, வினோ, மௌனிகா என்று பெயர் வைத்தது சங்கரி. பக்கத்து வீட்டு வேதமுத்து வரும்போதெல்லாம், "மருமக்கமாருக்குச் சாப்பாடு ஆச்சா மாப்ள?" என்று கேலி செய்வார். எங்களுக்கு வேறு பிள்ளைகள் இல்லை.

எங்கள் சக்குபள்ளத்து மலைக் குளிர் அதுகளுக்கு ஆகாது. மூன்றுக்கும் கண்ணாடிப் பெட்டி, அடியில் ஹீட்டர். கோமதி இந்த முறை போட்ட ஆறு முட்டைகளுக்குத் தனிப் பெட்டி, அது நானே செய்தது. சங்கரிக்கும் ஒரு மெஷின் உண்டு. தேயிலை பேக்டரியில் தூள் சலிக்கிற இடத்தில் வேலை பார்த்தவள். இந்தப் பொங்கலுக்குப் பிறகு நுரையீரல் கைவிட்டுவிட்டது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கிற மெஷின். கரண்ட் போனாலும் அது நிற்கக் கூடாது என்றுதான் இன்வெர்ட்டர் வாங்கினோம்.

அன்று மத்தியானம் காற்றும் மழையுமாக இருந்தது. ஏலத்தோட்டத்தில் மரம் சாய்ந்து லைன் அறுந்தது. மறுநாள்தான் கரண்ட் வரும் என்றார்கள். நான் நிதானமாக யோசித்தேன். அவள் மெஷினை ஓட்டினால் பொழுது சாய்வதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும். முட்டைப் பெட்டிக்கு மட்டும் என்றால் விடிகிறவரை தாங்கும். இரண்டையும் ஓட்டிப் பாதியில் நின்றுபோனால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. அதனால் ஒயரை மாற்றினேன்.

கொஞ்ச நேரத்தில் சங்கரி கூப்பிட்டாள்.

"ஏங்க, மெஷின் நின்னுபோச்சு."

"கரண்ட் இல்ல."

"இன்வெர்ட்டரு?"

"கோமதி முட்டைக்குப் போட்டிருக்கேன்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். பிறகு, "எனக்கு முடியலங்க" என்றாள். தலையணையை உயர்த்தி வைத்தேன். நல்ல காற்று வரட்டும் என்று சன்னலைத் திறந்துவிட்டேன். நான் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

வேதமுத்து குடையோடு வந்து வாசலில் நின்றார். "தங்கச்சி எப்படி இருக்கா மாப்ள? ஆஸ்பத்திரிக்கு ஜீப்ப எடுக்கட்டா?"

ரோடு திறந்துதான் இருந்தது. நான் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். "இப்பத்தான் கண்ணசந்தா. எழுப்ப வேண்டாம்" என்றேன்.

உள்ளே அவள் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. நானும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் முட்டைகளை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் அப்போது என் கவலை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தட்டுவது நின்றது. போய்ப் பார்த்தேன். பிறகு முட்டைப் பெட்டியில் சூடு பார்த்தேன், சரியாக இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, பசித்தது. காலையில் வடித்த சோற்றில் தயிர் ஊற்றிச் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு வேதமுத்துவைக் கூப்பிட்டேன்.

ஒயரை யார் மாற்றியது என்று கேட்டீர்கள். நான்தான். அவள் பிழைக்க மாட்டாள் என்று தெரிந்துதான் மாற்றினேன். அவளுக்கு இதில் வருத்தம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன், அந்தப் பிள்ளைகள் மேல் அவ்வளவு உயிர். ஆறும் பொரிந்துவிட்டன. நீங்களே பார்த்தீர்களே, எவ்வளவு துறுதுறுவென்று இருக்கின்றன.

வேறு வழியே இல்லையா என்றும் கேட்டீர்கள். இருந்தது. போன வருஷம் கோமதி முதல் ஈடு முட்டை போட்டபோதும் இதே மாதிரி மழை, கரண்ட் இல்லை, இன்வெர்ட்டரும் அப்போது கிடையாது. சங்கரிதான் கேஸ் அடுப்பில் தண்ணீரைச் சுட வைத்துப் பாட்டில்களில் ஊற்றி, முட்டைப் பெட்டியைச் சுற்றி அடுக்கினாள். ஆற ஆற மாற்றி வைத்தாள். ஒரு முட்டைகூடக் கெடவில்லை. சங்கரி போன அன்றைக்கும் வீட்டில் கேஸ் இருந்தது, பாட்டில்களும் இருந்தன. ஆனால் அது விடிய விடியக் கண் விழிக்கிற வேலை, சார். அந்த மாதிரி வேலையெல்லாம் எங்கள் வீட்டில் அவள்தான் செய்வாள்.