ஆம்னி மேல் படர்ந்த சுரைக்கொடி

எனக்குச் செடிகொடி என்றால் கொள்ளை ஆசை, சார். போட இடம்தான் இல்லை. எங்கள் தெருவில் இருந்த ஒரே மண்தரை வேப்பமரத்தடி. அங்கே தாமோதரன் அண்ணனின் ஆம்னி வேன் நிற்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

அவர் பக்கத்து வீட்டுக்காரர். ரேணிகுண்டா ஸ்டேஷனுக்குச் சவாரி அடிப்பார். அந்த வண்டி ஓடினால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். தை மாதம் நான் கார் வாங்கினேன். நிழலில் அவருடைய பழைய ஆம்னி, வெயிலில் என் புதுக் கார். பெயின்ட் என்னத்துக்கு ஆகும், நீங்களே சொல்லுங்கள். ஆனாலும் ஒரு வார்த்தை சண்டை போட்டதில்லை. அது என் குணமே இல்லை.

பங்குனியில் அவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. திருப்பதி ஆஸ்பத்திரிக்கு ஏற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஹேமநாத்து, வண்டிய பாத்துக்க நைனா. நா எழுந்து வந்து ஓட்டினாதான் எங்களுக்குச் சோறு."

"நீ தைரியமா போண்ணா. நா பாத்துக்கினு இருக்கேன்," என்றேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த வாரமே நகராட்சிக்காரர்கள் தெருமுனையில் போர்டு வைத்தார்கள். டயரில் காற்றில்லாமல், செடி மண்டி, நகராமல் கிடக்கிற வண்டியைக் கைவிடப்பட்டதாகக் கருதி எடுத்துப்போவார்களாம். நல்ல சட்டம். படிக்கும்போதே மனசுக்கு நிறைவாக இருந்தது. நகராமல் கிடப்பதை ஆம்னி தானாகவே செய்துகொண்டிருந்தது. மீதிக்கு நான் ஒத்தாசை செய்தேன். காற்றைப் பிடுங்கிவிட்டேன். பின்சக்கரத்தோரம் சுரை விதை ஊன்றினேன்.

காலையில் பல் துலக்கியதும் அதற்குத்தான் முதல் தண்ணீர். எரு வைத்தேன். குச்சி நட்டுக் கொடியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டேன். பெற்ற பிள்ளையைக்கூட இப்படிப் பார்த்ததில்லை என்று என் மனைவி பிரமிளா சொல்லுவாள். அண்ணனுக்கோ புண் ஆறாமல் மாதக்கணக்கில் இழுத்தது. கொடி கூரையெல்லாம் படர்ந்து காய்த்த பிறகு போட்டோ எடுத்து நகராட்சிக்கு அனுப்பினேன்.

வந்து நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆட்சேபம் இருந்தால் ஒரு வாரத்துக்குள் சொல்லவேண்டுமாம், தெலுங்கில். மாற்றுத்துணி எடுக்க வந்த அண்ணனின் சம்சாரம் மனோரமா அக்கா அதைப் பார்த்து நின்றார். அவருக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும்.

"இன்னா தம்பி எழுதிக்கீது?"

"சொட்டு மருந்து முகாமாம்க்கா. சின்னப் பசங்களுக்கு."

"நம்ம வூட்ல ஏது சின்னப் பசங்க," என்று பஸ்ஸுக்குக் கிளம்பினார். இருக்கிற கவலையில் இது வேறு எதற்கு என்றுதான் அப்படிச் சொன்னேன். கொடியிலிருந்து இரண்டு பிஞ்சுச் சுரைக்காய் பறித்தும் கொடுத்தேன்.

ஆட்சேபம் யாரும் சொல்லவில்லை. வண்டி பழைய இரும்புக்குப் போய்விட்டது. கொடியை அறுத்தார்கள் பாருங்கள், எனக்கு வயிறு எரிந்தது. அதைப் பற்றி இதுவரை ஒருத்தரும் விசாரிக்கவில்லை.

தாமோதரன் அண்ணன் கோலூன்றி வந்தார். கூச்சல் போடவில்லை. வண்டி நின்ற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். விடிந்தால் அங்கேதான், மழை பெய்தாலும் அங்கேதான். கூப்பிட்டாலும் நகர்வதில்லை. சட்டையெல்லாம் புழுதி. அக்கா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். என் கார் இன்னும் வெயிலில்தான் நிற்கிறது.

அக்கா நகராட்சியில் போய்க் கேட்டபோது போட்டோ அனுப்பியவன் பெயரைச் சொல்லிவிட்டார்களாம். அக்கா உங்களிடம் கொடுத்த புகாரில் உள்ளதெல்லாம் நிஜம், சார். நான்தான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். எல்லாமே சட்டப்படி நடந்தது என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலத்துக்குள் விட்டால் உதவியாக இருக்கும். அண்ணனின் நாற்காலிக் கால் ஓரமாக நேற்று ஒரு சுரை விதை ஊன்றியிருக்கிறேன். தண்ணீர் ஊற்றவேண்டும்.