எல்வுட்டுக்குப் பிடித்த காப்ளர்

ஆகஸ்ட் 19, 1994, வெள்ளி.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். தேவாலயப் பெண்கள் அச்சிடப்போகும் சமையல் புத்தகத்துக்கு பழத்தின் மேல் மாவு வைத்துச் சுடும் என்னுடைய புளூபெர்ரி காப்ளரின் செய்முறையை எழுதிக் கொடுத்தேன். எழுதியது சரிதான். புத்தகத்தைத் தொகுக்கும் வெர்னா அதைத் திருத்தினார், நான் தடுக்கவில்லை. தவறு அங்கேதான்.

முதலில் தேதி, அடுத்து அன்றைய தவறு, பிறகு அதற்கு இட்டுச் சென்றவை வரிசையாக, கடைசியில் மறுநாள் வேலை. மாலை எழுத்து வகுப்பில் திரு. ஸ்ப்ரேக் நாட்குறிப்புக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது. வகுப்பு ஜூனோடு முடிந்துவிட்டது. நான் மட்டும் விடாமல் எழுதுகிறேன். சரியாக எழுதுகிறேனா என்று தெரியவில்லை.

வெர்னா தேவாலயச் சமையலறை மேசையில் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு படித்தார்.

"ஏம்மா லியோனா, சர்க்கரை ஒன்றேகால் கப்னு போட்டிருக்கியே?"

"ஆமா."

"மேல என்ன தலைப்பு வெச்சிருக்கேன் பாரு. 'எல்வுட்டுக்குப் பிடித்த சர்க்கரையில்லாத காப்ளர்.' அந்த மனுசன் ஞாபகமா போடறோம். அவருக்குச் சர்க்கரை வியாதின்னு ஊருக்கே தெரியும். தூங்கிக்கிட்டே எழுதினியா?"

"கை தவறிப்போச்சு."

"அதானே பார்த்தேன்" என்று சர்க்கரையை அடித்துவிட்டு, மேலே 'இனிப்புப் பொடி' என்று எழுதினார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அது உறுத்தியது. யாராவது ஒருத்தி அந்தப் புத்தகத்தைப் பார்த்துச் செய்வாள். அந்தப் பொடி சூட்டில் கசக்கும். லியோனாவின் காப்ளர் சொன்ன அளவுக்கு ஒன்றுமில்லை என்பாள். அவள் சொல்வது நியாயமாகவும் இருக்கும்.

இனி வரிசையாக.

நான் பெர்ரி ஆலையில் வேலை செய்கிறேன். பெல்ட்டில் ஓடிவரும் பெர்ரியிலிருந்து இலை, காம்பு, பச்சைக் காய் பொறுக்கும் வேலை. அம்மா மறுமணம் செய்துகொண்டு பாங்கர் நகரத்துக்குப் போன பிறகு தனியாக இருக்கிறேன். சாலைக்கு எதிர்ப்புறம் எல்வுட் கிரவ்லியின் வீடு. நாற்பது வருடம் கடலில் லாப்ஸ்டர் பிடித்தவர். போன அக்டோபரில் அவர் மனைவி ஏவிஸ் இறந்தார்.

சாவு வீட்டுக்கு ஆளுக்கு ஒரு பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுபோனோம். பாத்திரத்தின் அடியில் பெயர் எழுதிய டேப் ஒட்டியிருக்கும். எட்டு நாளில் எல்லாரும் கொண்டுபோவதை நிறுத்திவிட்டார்கள். நான் நிறுத்தவில்லை. வேறு யாரும் என்னை எதற்கும் எதிர்பார்க்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

அவருக்கென்று நான் செய்த முதல் காப்ளரில் பொடிதான் போட்டேன். டாக்டர் சொன்னது அதுதானே. ஆலை உறையவைத்த காட்டுப் பெர்ரியைக் கரைய விடாமல் அப்படியே தட்டில் கொட்டி, எலுமிச்சையும் பொடியும் கலந்து, மேலே மைதாவும் வெண்ணெயும் மோரும் சேர்த்த மாவைக் கரண்டி கரண்டியாக வைத்து ஓவனில் சுட்டேன். மாவு பொன்னிறமாகி, இடுக்குகளில் நீலச் சாறு கொப்பளித்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எல்வுட் ஒரு வாய் வைத்தார்.

"நல்லாதாம்மா இருக்கு" என்று தட்டை மெல்லத் தள்ளிவைத்தார். அவர் நாய் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அடுத்த வாரம் செய்ததில் சர்க்கரை விழுந்துவிட்டது. இரண்டு டின்னும் ஒரே அளவு, ஒரே நிறம். வேலை முடிந்த அசதியில் எதை எடுத்தேன் என்று பார்க்கவில்லை. அது தற்செயல். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எல்வுட் முதல் வாயிலேயே நிமிர்ந்தார்.

"பொண்ணே, இதுல என்ன போட்ட?"

"நீங்க சாப்பிடக்கூடியதுதான்."

"ஏவிஸ் காலம் பூரா செஞ்சு போட்டா. அவ இருந்தா இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வராது. அவ கையை விட உன் கை மேலு." பிறகு கூரையைப் பார்த்து, "நீ காதுல வாங்கிக்காத, ஏவிஸ்" என்றார். அவர் சிரித்தார். மனைவியைப் புதைத்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது சர்க்கரை டின்னின் மூடி திறந்திருந்தது. உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மழை பெய்தது. மறுநாள் காலையில் கடைக்குப் போனால், கல்லாவில் இருந்தவர், "என்ன லியோனா, சர்க்கரையே போடாம கிழவனை மயக்கிட்டியாமே. துறை முழுக்க அதே பேச்சு" என்றார். பால் வாங்க வந்திருந்த இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தக் கடையில் என்னை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்தது பிடித்திருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை.

அதன் பிறகு டின்னைப் பார்த்தேதான் எடுத்தேன்.

எல்வுட்டுக்குக் கண் மங்கல். விரலில் குத்திச் சொட்டு வைத்தால், கருவியில் வரும் எண்ணை நான்தான் படித்துச் சொல்வேன். இங்கே ஒன்றைக் குறித்து வைக்க விரும்புகிறேன். ஒரு நாளும் நான் எண்ணை மாற்றிச் சொன்னதில்லை. இருநூற்றெண்பது என்றால் இருநூற்றெண்பது என்றே சொன்னேன்.

"நான்தாம்மா காரணம்" என்பார். "துறையில ஹார்லன் ஒரு டோனட் குடுத்தான். வாய் நிக்கல. ஜேனிஸ்கிட்ட சொல்லிடாத."

ஜேனிஸ் அவர் மகள், ஒஹையோவில் இருக்கிறவள். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன், காப்பாற்றவும் செய்தேன்.

அவர் டோனட்டை விட்டார். எண் இறங்கவில்லை. உருளைக்கிழங்கை விட்டார். சனிக்கிழமை ராத்திரி வெல்லப்பாகில் வேகவைக்கும் பீன்ஸை விட்டார். அவருடைய அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டில் ஒரு சனியும் தவறாமல் வெந்த பீன்ஸ் அது. பிறகு ரொட்டியையும் விட்டார். கடைசியில் அந்த மனிதருக்கு மிஞ்சிய ஒரே சந்தோஷம் என் காப்ளர்தான். அதையும் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

ஜனவரியில் புது பூட்ஸ் கடித்து வலது கால் கட்டைவிரலில் புண் வந்தது. ஆறவில்லை. தினமும் வேலை முடிந்ததும் போய்ச் சுத்தம் செய்து கட்டுப்போட்டேன். வாரம் ஒருமுறை வந்த நர்ஸ், தன் கட்டைவிட என் கட்டு நேர்த்தி என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜேனிஸ் தொலைபேசியில், "லியோனா, நீ இல்லேன்னா அப்பா கதி என்ன ஆயிருக்குமோ" என்பாள். நானும் அதை நினைத்துப் பார்ப்பதுண்டு.

மார்ச்சில் ஜேனிஸ் அவரைத் தன்னோடு அழைத்துக்கொள்ள முடிவு செய்தாள். சர்க்கரை இறங்கி, புண்ணும் காய்ந்தால் மே மாதம் பயணம் செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எல்வுட் அதை என்னிடம் சொல்லும்போது ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க கடல் கிடையாது. சோளக்காடுதானாம். ஆனா பேரனுங்க இருக்கானுங்க. சின்னவனுக்கு முடிச்சு போடக் கத்துக்குடுக்கணும். போயிடலாம்னு ஆசையா இருக்கும்மா."

"போங்க. நல்லதுதானே."

"நீயும் சும்மா கிழவன் கால்ல கட்டுப் போட்டுக்கிட்டே இருக்காத. ஒரு நல்ல பையனாப் பார்த்துக் கட்டிக்கோ. ஹார்லன் மவன் இருக்கான். பல்லு கொஞ்சம் முன்னாடி வரும், அவனும் கொஞ்சம் பின்னாடி வருவான், அவ்வளவுதான்."

நான் சிரித்தேன்.

ஏப்ரலில் பொடிக்கு மாறினேன். அவர் போகட்டும் என்று உண்மையாகவே நினைத்தேன். ஜாதிக்காயும் எலுமிச்சையும் கூட்டிப் போட்டுக் கசப்பை மறைக்கப் பார்த்தேன். எல்வுட் ஒரு வாய் தின்றுவிட்டு, "என்னம்மா, கை தப்பிடுச்சா?" என்றார். ஆனாலும் மரியாதைக்குப் பாதி சாப்பிட்டார். ஒரு வாரத்தில் எண் இறங்கியது. அடுத்த வாரம் இன்னும் இறங்கியது. புண்ணின் ஓரம் வெளிறிய நிறம் மாறி இளஞ்சிவப்பானது. எல்வுட் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தார். ஜேனிஸ் டிக்கெட் வாங்கிவிட்டாள்.

ஆகவே எது எதனால் ஆகிறது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு முன்பு தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு சொல்ல முடியாது.

முக்கியமான விஷயத்தை ஒரு பத்தியின் நடுவில் ஒளித்துவைக்கக் கூடாது என்பார் திரு. ஸ்ப்ரேக். அதனால் தனியாக எழுதுகிறேன்.

நான் மறுபடி சர்க்கரையைப் போட்டேன். முன்பு ஒரு கப். இப்போது ஒன்றேகால்.

"வந்துட்டாப்பா நம்ம லியோனா" என்றார் எல்வுட், தட்டை வழித்துக்கொண்டே. இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த வாரத்திலிருந்து தினமும் கொண்டுபோனேன்.

டிக்கெட்டை ரத்து செய்தார்கள். மே மாதம் இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஜூனில் முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் நான் போய் நின்றதும், "இனிமே ஒரு ஜோடி சாக்ஸு ரெண்டு ஜோடியா வரும்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, உனக்கு எவ்வளவு சிரமம் கொடுக்கிறேன் என்று வருத்தப்பட்டார். சிரமமே இல்லை என்றேன். உண்மையில் சிரமம் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு, ஆலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு நாள் முழுக்கக் கூடவே இருந்தேன். அந்த வருடத்திலேயே நல்ல நாட்கள் அவைதான். காலையில் வானொலி கேட்போம். அவர் படகுகளின் சத்தத்தை வைத்தே யாருடையது என்று சொல்வார். சின்னப் பேரனுக்கு அனுப்ப ஒரு கயிற்றில் பலவித முடிச்சுகள் போட்டுக்கொண்டிருந்தார். முடியவில்லை, பாதியில் நின்றுவிட்டது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் வயலில் புதுப் பெர்ரி வாரத் தொடங்கினார்கள். அப்போது விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். புதுப் பெர்ரியில் செய்து கொண்டுபோனேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

"இவ்வளவு பத்தியமா இருந்தும் இப்படி ஆச்சு பாரு" என்றார். "என்ன தப்பு செஞ்சேன்னே புரியலம்மா."

"நீங்க ஒரு தப்பும் செய்யல."

அது உண்மை. அவரிடம் நான் சொன்ன கடைசி வார்த்தை உண்மையாக இருந்ததில் எனக்குத் திருப்தி. மறுநாள் மத்தியானம் இறந்தார்.

நேரான சொல் இருக்கும்போது சுற்றி வளைக்கக் கூடாது என்பதும் வகுப்பில் சொன்னதுதான். அவரைக் கொன்றது நான். ஆனால் அவர் ஒரு நாளும் தனியாக உட்கார்ந்து சாப்பிடவில்லை. ஒஹையோவில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுவார்கள். பகல் முழுக்க அவர் தனியாகத்தான் இருந்திருப்பார். இதை யாரும் யோசிக்கவில்லை.

மாலை ஐந்து மணிக்கு வெர்னாவுக்குத் தொலைபேசினேன்.

"நான் லியோனா பேசறேன். அந்தக் குறிப்புல சர்க்கரைதான் சரி. நான் முதல்ல எழுதினதுதான் சரி."

"அப்போ எல்வுட்டுக்குப் பொடி போட்டுச் செஞ்சது?"

"அவருக்கும் சர்க்கரைதான் போட்டேன். கடைசி வரைக்கும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"போடி பைத்தியக்காரி. நாள் பூரா அந்த மனுசன் பக்கத்துலயே கிடந்தவ நீ. போனதும் பழியத் தூக்கி உன் தலையில வெச்சுக்கறியா? எங்கம்மா போனப்ப நானும் இப்படித்தான் உளறினேன். சூடா ஏதாவது குடிச்சுட்டுப் படு. புத்தகம் காலையில அச்சுக்குப் போகுது, ஒண்ணும் மாத்தறதா இல்ல."

சொல்லவில்லை என்று இனி யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

அரை மணி கழித்து ஜேனிஸ் வந்தாள். சாவுக்கு வந்தவள், அப்பாவின் வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே வந்ததும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து அழுதாள். முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"ஞாயித்துக்கிழமை டிக்கெட். போகவே பிடிக்கல, லியோனா. ஊர்ல யார்கிட்டயும் நான் சொல்லல, உன்கிட்ட சொல்றேன். எனக்கும் வந்துடுச்சு. அப்பாவுக்கு இருந்த அதே வியாதி. போன மாசம்தான் டாக்டர் சொன்னார்."

"பயப்படாதீங்க."

"அப்பாவை நீ பார்த்துக்கிட்ட மாதிரி என்னைப் பார்த்துக்க அங்க யார் இருக்கா? பசங்க அவனவன் வேலையப் பார்ப்பான். பேசாம இந்த வீட்டை விக்காம இங்கயே ஒரு மாசம் இருந்துட்டுப் போகலாமான்னு தோணுது." கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் சிரித்தாள். சிரிப்பு அப்பாவின் சிரிப்பேதான். "அப்பாவுக்குச் செஞ்ச மாதிரியே எனக்கும் ஒண்ணு செஞ்சு தர்றியா?"

"அதே மாதிரி செஞ்சு தர்றேன்" என்றேன்.

நாளைக்குச் செய்ய வேண்டியது: காலையில் மேட்டு வயலில் வாரி முடித்த இடத்தில் மிச்சப் பெர்ரி பொறுக்க வேண்டும். மைதா இருக்கிறது, வெண்ணெய் இருக்கிறது, மோரும் இருக்கிறது. சர்க்கரை மட்டும் வாங்க வேண்டும்.